ஆறடிக்கு மேல உயரமா? பெரிய கார் வேண்டாம், சரியான கார் போதும்: 2.5 லட்சம் மிச்சமாகும் கணக்கு



"அண்ணாச்சி, உங்க உயரத்துக்குச் சின்ன கார் எல்லாம் செட் ஆகாது. பெரிய எஸ்யூவிதான் சரிப்படும்." ஆறடியைத் தாண்டின யார் ஷோரூமுக்குப் போனாலும் காதுல விழுற வார்த்தை இது. கேக்குறதுக்கு நியாயமாத்தான் தெரியும். ஆனா இந்த ஒரு வார்த்தையை நம்பினா, ரெண்டரை லட்சம் ரூபாய் வரைக்கும் கூடுதலாப் போகலாம். அவ்வளவு குடுத்தும் முட்டி இடிக்கலாம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். சிவகாசியில பிரின்டிங் பிரஸ் வச்சிருக்கிற ஒருத்தர். உயரம் ஆறடி மூணு இன்ச், அதாவது 190 சென்டிமீட்டர். வாரத்துக்கு ரெண்டு நாள் மதுரை, மாசத்துக்கு ஒரு தடவை சென்னை. ஆன்ரோடு பட்ஜெட் 11 லட்சம். இவர் எதைப் பாக்கணும், எதுக்குப் பணம் குடுக்கக் கூடாது? அதைத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம்.

நாலு மீட்டர் கோடு

நம்ம நாட்டுல காருக்கு வரி போடும்போது முக்கியமாப் பாக்குறது ரெண்டு விஷயம்: நீளம், இன்ஜின். 2006 மத்திய பட்ஜெட்லதான் சின்ன கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்துல இருந்து 16 சதவீதமாக் குறைச்சாங்க. அதுல வந்த நாலு மீட்டர் கோடு இன்னைக்கும் அப்படியே இருக்கு.

2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டி நிலவரம் இது:

- நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள்ள, பெட்ரோல் அல்லது சிஎன்ஜி இன்ஜின் 1,200 சிசிக்குள்ள (டீசல்னா 1,500 சிசிக்குள்ள) இருந்தா 18 சதவீதம்.
- இதுல ஒண்ணு தாண்டினாலும் 40 சதவீதம்.
- எலெக்ட்ரிக் கார்னா 5 சதவீதம்.

"ஒண்ணு தாண்டினாலும்"ங்கிறதை நல்லா கவனிங்க. மாருதி பிரெஸ்ஸா 3,995 மில்லிமீட்டர்தான், நாலு மீட்டருக்குள்ள. ஆனா இன்ஜின் 1,462 சிசி. அதனால 40 சதவீதம். வெளியில பாத்தா சின்ன கார், வரியில பெரிய கார்.

ஜிஎஸ்டியோட முடியல, அதுக்கு மேல ரோடு டாக்ஸ் இருக்கு. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரைக்கும் 13, 10 முதல் 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கு மேல 20 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு மட்டும் 18 இல்ல, மொத்த விலைக்கும் 18.

இப்போ கணக்குப் போடுவோம். வரிக்கு முன்னாடி 8 லட்சம் விலையுள்ள ரெண்டு கார்:

- சின்ன கார் வகை: 18 சதவீத ஜிஎஸ்டியோட 9,44,000. ரோடு டாக்ஸ் 13 சதவீதம், 1,22,720. மொத்தம் 10,66,720.
- பெரிய கார் வகை: 40 சதவீத ஜிஎஸ்டியோட 11,20,000. ரோடு டாக்ஸ் 18 சதவீதம், 2,01,600. மொத்தம் 13,21,600.

வித்தியாசம் 2,54,880 ரூபாய். இந்தப் பணத்துல ஒரு இன்ச் இடம் கூட உங்க காலுக்கு வரல. முழுக்க வரி.

"நான் பிசினஸ் பேர்ல வாங்குறேன், ஜிஎஸ்டியைத் திருப்பி எடுத்துக்குவேன்"னு நினைக்காதீங்க. சொந்த உபயோகத்துக்கான காருக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. தேய்மானம் 15 சதவீதம் காட்டலாம், அவ்வளவுதான்.

நீளமான கார்னா உள்ள இடம் இருக்குமா?

அவசியம் இல்ல. காரோட நீளத்துல பெரும்பங்கு பானட்டுக்கும் டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் போகும். டிரைவருக்கு வேணும்னா தலைக்கு மேல இடம், கால் நீட்ட இடம், கைக்கு எட்டுற ஸ்டீயரிங். இந்த மூணும் விலைப்பட்டியல்ல இருக்காது.

1998ல இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்துச்சு. அடுத்த வருஷம் மாருதி வேகன்ஆர். ரெண்டையும் "டால் பாய்"னு சொன்னாங்க. ஐடியா சிம்பிள்: ஆளைச் சாய்ச்சு உக்கார வச்சா கால் முன்னாடி நீளும், கார் நீளமா வேணும். நாற்காலியில உக்கார்ற மாதிரி நிமிர்த்தி உக்கார வச்சா கால் கீழ இறங்கும், நீளம் மிச்சம். கூரையை மட்டும் உயர்த்தினாப் போதும்.

இன்னைக்கு நிலவரத்துல பாருங்க. வேகன்ஆர் நீளம் 3,655, உயரம் 1,675 மில்லிமீட்டர். பலேனோ நீளம் 3,990, உயரம் 1,500. வேகன்ஆர் ஒரு அடிக்கு மேல குட்டை, ஆனா கிட்டத்தட்ட ஏழு இன்ச் உயரம் அதிகம். அதுக்காக எல்லா நெட்டைக்காரங்களும் வேகன்ஆர் வாங்கணும்னு சொல்லல. விலைக்கும் நீளத்துக்கும் இடத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லங்கிறதுக்கு இது ஒரு சாட்சி.

எஸ்யூவியில இன்னொரு விஷயம். வெளி உயரத்துல கிரவுண்ட் கிளியரன்ஸும் சேர்ந்திருக்கு. வண்டி தரையில இருந்து மேல நிக்கிறதால ஏறி இறங்க வசதி, அது நிஜம். ஆனா அதே அளவு இடம் தலைக்கு மேலயும் இருக்கும்னு அர்த்தம் இல்ல.

ஷோரூம்ல பத்து நிமிஷம், ஏழு சோதனை

ஒரே உயரத்துல ரெண்டு பேர் இருந்தாலும் ஒருத்தருக்குக் கால் நீளம், இன்னொருத்தருக்கு உடம்பு நீளம். அதனால "அவருக்கு வசதியா இருக்கு"ங்கிறது உங்களுக்குப் பொருந்தாது. தினமும் போடுற செருப்பு, ஷூவோட போங்க. ஒரு டேப் எடுத்துக்கோங்க.

1. கால்: முதல்ல சீட்டை முழுசாப் பின்னாடி தள்ளுங்க. கிளட்சை அடி வரைக்கும் மிதிங்க. அப்பவும் முட்டி லேசா மடங்கியிருக்கணும். அதே நேரம் காலைத் தூக்கும்போது முட்டி ஸ்டீயரிங்லயோ, தொங்குற சாவியிலயோ இடிக்கக் கூடாது.

2. கை: தோள் சீட்ல ஒட்டியிருக்க, கையை நீட்டினா மணிக்கட்டு ஸ்டீயரிங்கோட மேல்விளிம்புல உக்காரணும். எட்டலைன்னா நீங்க முன்னாடி குனிஞ்சுதான் ஓட்டுவீங்க. சென்னை போய்ச் சேரும்போது இடுப்பு பேசும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைஞ்சது 25 சென்டிமீட்டர் வேணும், ஏர்பேக் விரியறதுக்கு.

3. தலை: சீட்டை முழுசாக் கீழ இறக்கி நிமிர்ந்து உக்காருங்க. தலைக்கும் கூரைக்கும் நடுவுல நாலு விரல் தாராளமாப் போகணும். தலை தட்டாம இருக்கிறது மட்டும் போதாது, ஸ்பீடு பிரேக்கர்ல உடம்பு மேல எழும்பும்.

4. தொடை: சீட் அடிப்பாகம் தொடையில பாதிக்கு மேல தாங்கணும். குட்டையான சீட்னா முட்டிக்குப் பின்னாடி காத்துல நிக்கும், ஒரு மணி நேரத்துல வலி தெரியும்.

5. கண்: முன் கண்ணாடியோட மேல்விளிம்பு கண்ணுக்கு நேரா வந்தா சிக்னல் பாக்கக் குனியணும். உள் கண்ணாடி இடப்பக்க ரோட்டை மறைக்குதான்னும் பாருங்க.

6. ஹெட்ரெஸ்ட்: மேல்விளிம்பு குறைஞ்சது காதோட மேல்பக்கம் வரைக்காவது வரணும். விலை குறைஞ்ச வேரியன்ட் சிலதுல ஹெட்ரெஸ்ட் சீட்டோட ஒட்டியே வரும், ஏத்த முடியாது. ஆறடி மூணு இன்ச் ஆளுக்கு அது கழுத்தோட நின்னுடும். பின்னாடி இருந்து ஒரு வண்டி இடிச்சா கழுத்துக்குப் பாதுகாப்பே இல்ல.

7. பின் சீட்: உங்க பொசிஷன்ல சீட்டை வச்சுட்டு, உங்களுக்குப் பின்னாடி வீட்டுல ஒருத்தரை உக்கார வைங்க. அம்மாவோ பிள்ளைங்களோ கால் வைக்க முடியலைன்னா, அந்த அஞ்சு சீட் கார் உங்க வீட்டுக்கு நாலு சீட் கார்தான்.

இதுல முதல் மூணுல ஒண்ணு ஃபெயில் ஆனாலும் அந்த மாடலை விட்டுடுங்க. ஆஃபரைக் கேக்கவே வேண்டாம்.

வேரியன்ட்ல ஒளிஞ்சிருக்கிற பொறி

நெட்டையா இருக்கிறவங்களுக்கு அவசியமானது ரெண்டே அட்ஜஸ்ட்மென்ட். ஒண்ணு, டிரைவர் சீட்டை ஏத்தி இறக்குறது. ரெண்டு, ஸ்டீயரிங்கை நம்ம பக்கம் இழுக்கிறது, இதைத்தான் டெலஸ்கோபிக்னு சொல்றாங்க. "ஸ்டீயரிங் அட்ஜஸ்ட் ஆகும் சார்"னு சொன்னா, மேல கீழ மட்டுமா, முன்ன பின்னயுமான்னு கேளுங்க. நிறைய கார்ல மேல கீழ மட்டும்தான்.

இந்த ரெண்டும் பெரும்பாலும் ஆரம்ப வேரியன்ட்ல வராது, நடு வேரியன்ட்ல இருந்து வரும். டாப் வேரியன்ட்ல கூடவே சன்ரூஃப் வரும். அங்கதான் பொறி. சன்ரூஃப் சட்டம் கூரைக்குள்ள உக்கார்றதால தலைக்கு மேல ஒரு இன்ச், சில கார்ல அதுக்கும் மேல போயிடும். ஆறடி மூணு இன்ச் ஆளுக்கு அந்த ஒரு இன்ச்தான் எல்லாமே. நம்ம ஊர் வெயில்ல அந்தச் சன்ரூஃபை வருஷத்துல எத்தனை நாள் திறப்பீங்கன்னும் யோசிங்க.

உதாரணக் கணக்கு: சன்ரூஃப் இல்லாத வேரியன்ட் 9,80,000. சன்ரூஃபோட 10,60,000. வித்தியாசம் 80,000 மாதிரி தெரியும். ஆனா ரோடு டாக்ஸ் 1,27,400ல இருந்து 1,90,800க்குத் தாவும். ரெண்டும் சேர்த்து 1,43,400. இதை 9 சதவீத வட்டியில அஞ்சு வருஷ லோன் போட்டா மாசம் கிட்டத்தட்ட 3,000 ரூபாய் இஎம்ஐ. பணமும் குடுத்து, தலைக்கு மேல இருந்த இடத்தையும் குடுக்கிறோம்.

மிச்சமாகுற பணத்துல ஒரு பங்கை ஆட்டோமேட்டிக்குக்குப் போடலாம். சின்ன கார்ல ஏஎம்டி சுமார் 50,000 கூடுதல். கிளட்ச் இல்லாததால இடது முட்டி ஸ்டீயரிங் கிட்ட வரவே வராது. நெட்டைக்காரங்களுக்கு இது நிஜமாவே உபயோகமான செலவு. ஆனா இதைச் சேர்த்தா விலை 10 லட்சத்தைத் தாண்டுதான்னு முதல்ல பாத்துக்கோங்க.

டெஸ்ட் டிரைவ்: ஒரு முக்கோணம்

ஷோரூம்ல இருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்த் திரும்புறது டெஸ்ட் டிரைவ் இல்ல. வலி அரை மணி நேரத்துக்கு அப்புறம்தான் வரும். நம்ம பக்கம் நல்ல ரூட் இருக்கு: சிவகாசியில இருந்து திருத்தங்கல், ஆமத்தூர் வழியா விருதுநகர். அங்கிருந்து நாலு வழிச் சாலையில சாத்தூர். திரும்பச் சிவகாசி. ஊர் நெரிசல், ஸ்பீடு பிரேக்கர், நெடுஞ்சாலை மூணும் இதுல வந்துடும்.

ஷோரூம்ல இவ்வளவு தூரம் தரலைன்னா, அதே மாடல் வச்சிருக்கிற மச்சான், சித்தப்பா யாரையாவது கேளுங்க. இல்ல செல்ஃப் டிரைவ் வாடகைக்கு ஒரு நாள் எடுங்க. அந்த வாடகையைச் செலவா நினைக்காதீங்க. 9 லட்சம் காரை வாங்கிட்டு ஒரு வருஷத்துல "சரிப்படல"ன்னு வித்தா, நீங்க கட்டின 1,17,000 ஆயுள் ரோடு டாக்ஸ் கைக்குத் திரும்பாது. முதல் வருஷ விலை இறக்கம் தனி.

வாங்கினப்புறம் செய்யக் கூடாதது

சீட் தண்டவாளத்தை வெட்டிப் பின்னாடி தள்ளுறது, சீட் காலைக் குறைக்கிறது எல்லாம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி வடிவமைப்பை மாத்துறதைத் தடுக்குது. விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ் கிளெய்ம்ல கேள்வி வரும். பணத்தை விடுங்க, மோதுற நேரத்துல சீட் பிடுங்கிட்டு வந்தா?

தடிமனான சீட் கவர் போட்டா தலைக்கு மேல இடம் குறையும், சீட் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தா அதையும் தடுக்கலாம். தடியான 7டி மேட் போட்டா குதிகால் மேல ஏறி முட்டியும் ஏறும். ரெண்டையும் "ஃப்ரீ"யாக் குடுத்தாலும் யோசிங்க.

பழைய கார், எலெக்ட்ரிக் கார்

பெரிய கார்தான் உங்களுக்குச் செட் ஆகுதுன்னா, மூணு நாலு வருஷம் ஓடின தமிழ்நாட்டு வண்டியைப் பாருங்க. வரியையும் முதல் வருஷ விலை இறக்கத்தையும் முதல் ஓனர் ஏற்கெனவே சுமந்துட்டார். சீட் ஃபோம் அமுங்கிப் போயிருக்கான்னு மட்டும் பாருங்க. அமுங்கின சீட் கூடுதல் உயரம் இருக்கிற மாதிரி ஏமாத்தும், மாத்தினதும் தலை மேல போகும்.

எலெக்ட்ரிக்ல நீளம் எவ்வளவா இருந்தாலும் 5 சதவீத ஜிஎஸ்டிதான், அது பெரிய லாபம். ஆனா பேட்டரி அடியில இருக்கிறதால சில மாடல்கள்ல தரை மேல வந்து முட்டி உயர்ந்து நிக்கும். தொடைச் சோதனையை அங்க ரெண்டு தடவை செய்ங்க.

எப்போ வாங்கலாம்?

பட்டாசு, பிரின்டிங் தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தீபாவளிக்கு அப்புறம் வசூல் வந்தாத்தான் கையில காசு. அது டிசம்பர் ஆஃபரோட ஒத்துப்போகும். அந்த வருஷத் தயாரிப்பை டிசம்பர்ல வாங்கினா, விக்கும்போது ஒரு வருஷம் பழசாத்தான் எண்ணுவாங்க. ஏழு எட்டு வருஷம் வச்சிருக்கிறவங்களுக்கு அது பெரிய நஷ்டம் இல்ல, தள்ளுபடி லாபம்தான். அளவெடுக்கிற வேலையை மட்டும் காசு வர்ற வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. சீசன் நெருக்கடி இல்லாத மாசத்துல பொறுமையா நாலு ஷோரூம் ஏறி இறங்கி, செட் ஆகுற ரெண்டு மாடலை எழுதி வச்சுக்கோங்க. பணம் வந்ததும் அந்த ரெண்டுக்கு மட்டும் விலை பேசுங்க.

கடைசியா, வரிசை இதுதான்: முதல்ல உடம்பு உக்காருதா, அப்புறம் நாலு மீட்டர் கோடு, அப்புறம் 10 லட்சக் கோடு, கடைசியில கலரும் டச் ஸ்கிரீனும். விலையும் வரியும் மாறக்கூடியது. அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி ஷோரூம் விலை, ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ் மூணையும் தனித்தனியாப் போட்ட கொட்டேஷனை எழுத்துல வாங்கிக்கோங்க.