வெள்ளம் வந்தால் யாரிடம் கேட்பது? சந்தேகங்களும் விளக்கங்களும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழை காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. வறட்சிக்குப் பேர்போன கோவில்பட்டியிலும் ஏறத்தாழ 50 செ.மீ. பதிவானது. பேரிடர் உதவி யார் பொறுப்பு என்று அருகிலுள்ள பசுவந்தனை வட்டாரத்தில் எழக்கூடிய சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

நிவாரணம் அரசின் கருணையா, கடமையா?

கடமை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் (2005) பிரிவு 12, முகாமில் உணவு, குடிநீர், மருத்துவ வசதிகளுக்கும், உயிரிழப்பு, வீட்டுச் சேதத்துக்கான உதவித்தொகைக்கும் குறைந்தபட்ச அளவுகளை வகுக்கச் சொல்கிறது. இது கட்டாயம் என்று 2021 ஜூன் 30-இல் கொரோனா இறப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தொகை எவ்வளவு என்பதை மட்டும் அரசின் முடிவுக்கு விட்டது. மாவட்டத்தில் பொறுப்பு ஆட்சியருடையது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் 1880-களில் வந்த பஞ்ச நிவாரண விதிகளிலிருந்தே இந்தப் பொறுப்பு அவர் தலையில்தான் இருக்கிறது.

பணம் தருவது மத்திய அரசா, மாநில அரசா?

மாநிலப் பேரிடர் நிதியில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், தமிழக அரசின் பங்கு 25 சதவீதம். அது போதாதபோது தேசிய நிதியைக் கேட்கலாம். அதே மாதம் வந்த மிக்ஜாம் புயலுக்கும் இந்தத் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்து தமிழகம் கேட்டது சுமார் 37,900 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது சுமார் 276 கோடி. இந்த இழுபறி டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலானது. நீங்கள் மனு கொடுக்க வேண்டிய இடம் வி.ஏ.ஓ., தாசில்தார் அலுவலகங்கள்தான்.

2023 வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000, மற்ற வட்டங்களில் 1,000 ரூபாய் தந்தார்கள். காடே மூழ்கியவருக்கும் 1,000 தானா?

அது வட்டத்தைப் பார்த்துத் தந்த ரேஷன் அட்டைத் தொகை. பயிர், ஆடுமாடு, வீட்டுச் சேதத்துக்கான நிவாரணம் தனி. உளுந்து, பாசி போன்ற மானாவாரிப் பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ அழிந்தால் ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், அதாவது ஏக்கருக்குச் சுமார் 3,440. மத்திய விதிப்படி ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான். விதை, உழவுக்கூலிக்கே போதாத தொகை என்பது உண்மை. வாரத்துக்கு உழுபவர் அடங்கலில் தன் பெயர் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பயிர்க் காப்பீடு வேறு கணக்கு: வயலில் நீர் தேங்கி அழிந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.

வீடே இல்லாதவர்களுக்கு?

நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு 24 மணி நேரத் தங்குமிடம் வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கிராமங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. குடிசைவாசிகளுக்கு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. குடிசையும் இல்லாமல், கட்ட மனையும் இல்லாமல் கோயில் மண்டபத்திலும் பஸ் நிறுத்தத்திலும் படுப்பவர் இரண்டுக்கும் வெளியே நிற்கிறார். சட்டத்தில் பெரிய ஓட்டை இதுதான். அவருக்காகக் கிராமசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியது ஊர்தான்.

ஊர்க்காரர்களும் தொண்டு அமைப்புகளும் செய்தால் போதாதா?

முதலில் ஓடி வருவது அவர்கள்தான். அந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிய செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டது பக்கத்துப் புதுக்குடி மக்கள். ஆனால் பக்கத்து ஊரும் நனைந்த ஊர்தான். இரண்டு நாள் சோறு போடலாம், இடிந்த வீட்டைக் கட்டித் தர முடியாது. தெரிந்தவருக்கு இரண்டு முறை, தெரியாதவருக்கு ஒருமுறையும் இல்லை என்பது தனியார் உதவியில் சகஜம். யாரும் விடுபடாமல் பட்டியல் எடுத்து, விடுபட்டால் பதில் சொல்லவும் கடமைப்பட்டது அரசு மட்டுமே.

இப்போது என்ன செய்யலாம்?

ஆபத்தில் மாவட்ட எண் 1077, மாநில எண் 1070. சேதத்தைப் படம் எடுத்து, எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கணக்கெடுக்க வரும் அன்று உங்கள் காட்டில் நில்லுங்கள். பட்டியலில் ஏறாத சேதத்துக்கு நிவாரணம் கிடையாது.