நீராவிக் குழாயில் தேங்கிய நீர்

2007 ஜூலை 18 மாலை, நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில், லெக்சிங்டன் அவென்யூவும் 41ஆம் தெருவும் சந்திக்குமிடத்தில் சாலை பிளந்தது. வெந்நீராவியும் சேறும் சுமார் 40 மாடி உயரத்துக்கு எழும்பின. ஒருவர் மாரடைப்பால் இறந்தார், பலர் காயமுற்றனர். வெடித்தது 1924இல் பதிக்கப்பட்ட நிலத்தடி நீராவிக் குழாய். குழாயின் முதுமையையே பலரும் குறை கூறினர். விசாரணையில் வெளிப்பட்ட காரணம் வேறு: குழாயினுள் தேங்கிய நீர்.

அந்நகரில் 1882 முதல் மைய நிலையங்களிலிருந்து நீராவி கட்டடங்களுக்கு அனுப்பப்படுகிறது. வழியில் வெப்பத்தை இழக்கும் நீராவியில் ஒரு பகுதி நீராகிவிடும். அதை அவ்வப்போது வெளியேற்றுவதற்கென்றே 'ஸ்டீம் டிராப்' எனும் கருவிகள் உள்ளன. முன்னர் ஒரு கசிவை அடைக்கச் செலுத்திய எப்பாக்சிப் பசை, இங்கே அக்கருவிகளை அடைத்துவிட்டிருந்தது. அன்று பெய்த பெருமழையின் நீர் குழாயை வெளியிலிருந்து குளிர்விக்க, உள்ளே நீர் வேகமாகச் சேர்ந்தது.

நீராவியின் வலிமை அது விரிவதில்தான் உள்ளது என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். இங்கே ஆபத்து விளைந்ததோ அது சுருங்கியதால். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1,600 லிட்டர் நீராவியாகிறது. (அழுத்தம் மிகுந்த குழாய்களில் இம்மடங்கு குறையும், எனினும் நூற்றுக்கு மேல் இருக்கும்.) அந்த நீராவி குளிர்ந்த நீரைத் தொட்டால் நொடிப்பொழுதில் மீண்டும் நீராகி, தான் இருந்த இடத்தை ஏறக்குறைய வெறுமையாக விட்டுவிடுகிறது.

கிடைமட்டக் குழாய் ஒன்றைக் கருதுவோம். கீழ்ப்பாதியில் ஆறிய நீர் கிடக்கிறது. மேலே நீராவி விரைகிறது. அதன் வேகம் நீர்ப்பரப்பில் அலை எழுப்புகிறது. ஓர் அலை குழாயின் கூரையைத் தொட்டதும், அதற்கு அப்பால் நீராவித் துண்டொன்று சிறைப்படுகிறது. சுற்றிலும் குளிர்ந்த நீர் இருப்பதால் அத்துண்டு மறைந்துபோக, அவ்வெற்றிடத்தை நிரப்ப இருபுறத்து நீரும் பாய்ந்து மோதுகின்றன. நீரை எளிதில் அமுக்க இயலாது. ஆதலால் மோதலின் முழு விசையும் குழாய்ச் சுவரில் இறங்குகிறது. இதுவே 'வாட்டர் ஹாமர்', அதாவது நீர்ச்சம்மட்டி. மாஸ்கோ நகர நீர்க்குழாய்களை ஆராய்ந்து 1898இல் ஜுக்கோவ்ஸ்கி வகுத்த கணக்கின்படி, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் திடீரென நின்றாலே பத்து வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் எழக்கூடும். நீராவி மறைந்த இடத்திற்குப் பாயும் நீரின் வேகம் அதனினும் பன்மடங்கு.

பழைய கட்டடங்களின் ரேடியேட்டர்கள் குளிர்காலக் காலைகளில் 'டங், டங்' என ஒலிப்பதும் பெரும்பாலும் இதன் சிறிய வடிவமே. குழாயின் சரிவு பிசகி, கொதிகலனுக்குத் திரும்ப வேண்டிய நீர் பள்ளத்தில் தங்கியிருக்கும்.

குளிர்ந்த குழாயில் நீராவியைச் செலுத்துவோர் முதலில் நீரை முற்றாக வடிக்கின்றனர். பின்பு வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து குழாயைச் சூடேற்றுகின்றனர். இவ்வரிசை மாறலாகாது. நீராவி உள்ளே இருக்கும்போதே வடிகாலைத் திறந்தால் தேங்கிய நீரின் மட்டம் தாழும். அந்த இடத்தில் நீராவி புகுந்து, குளிர்ந்த நீர்ப்பரப்பின்மேல் படரும். ஐயம் எழுந்தவுடன் நீராவியை அடைத்துவிட்டு, அழுத்தம் தணியும் வரை காத்திருந்து வடிப்பதே முறை.