பழைய இயந்திரத்தில் எழும் புதிய ஓசை: காரணம் அறிதலும் செய்ய வேண்டியனவும்

நெடுந்தீவில் நெற்செய்கை மழையையும், காய்கறிச் செய்கை கிணற்றையும் நம்பியிருப்பது யாவரும் அறிந்ததே. வடகீழ்ப் பருவமழை தொடங்கி நிலம் பதப்பட்டதும், சில தினங்களுக்குள் உழுது விதைத்துவிடல் வேண்டும். அத்தருணத்தில் உழவு இயந்திரம் நின்றுவிடின் ஒரு போகமே பின்தள்ளப்படும். உதிரிப் பாகங்களோ பெரும்பாலும் குறிகட்டுவான் வழியாகப் படகில் வரவேண்டியவை. மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பின் படகுப் போக்குவரத்தும் தடைப்படுவதுண்டு. ஆதலால் இத்தீவிலுள்ள கமக்காரர் தம் இயந்திரத்தின் பழுதை அது முற்றுமுன்னரே அறிந்துகொள்ளுதல் மிக அவசியம்.

இயந்திரம் திடீரெனக் கெடுவது அரிது. கெடுவதற்கு முன் அது பெரும்பாலும் ஓசையால் அறிவிக்கின்றது. நாள்தோறும் அதனை இயக்குபவரே அவ்வோசையை முதலிற் கேட்கக்கூடியவர். ஓசையின் வேறுபாட்டை இனங்கண்டு, எதற்கு உடனே நிறுத்துவது, எதற்கு வேலை முடியும்வரை பொறுக்கலாம் என்று தீர்மானிப்பது எவ்வாறு என்பதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும். உழவு இயந்திரம், இருசில்லு உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், பழைய மோட்டார் கார் ஆகிய யாவற்றுக்கும் இது பொருந்தும்.

1. முதலிற் பார்க்க வேண்டியவை

புதிய ஓசை கேட்டவுடன் இயந்திரத்தை நிறுத்தி, மூன்றைக் கவனிக்க. முதலாவது, அளவுகோலை இழுத்து எஞ்சின் ஒயிலின் மட்டத்தைப் பார்க்க. மட்டம் தாழ்ந்திருப்பின் ஒயில் விட்டபின்னரே மறுபடி இயக்குக. இரண்டாவது, நீர் உண்டா என்று பார்க்க. சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் முகத்திற் பாயும். மூன்றாவது, வெளியே தளர்ந்த ஆணிகள், விசிறிப் பட்டி, சைலன்சர் பிணைப்பு ஆகியவற்றைக் கையால் அசைத்துப் பார்க்க. பெரும் பழுதென்று அஞ்சப்படும் ஓசை, கழன்ற ஓர் ஆணியாக முடிவதும் உண்டு.

நெடுந்தீவில் இன்னொன்றையும் கருதுதல் வேண்டும். உப்புக் காற்றினால் சைலன்சரும் புகைக்குழாயும் விரைவில் துருப்பிடித்து ஓட்டையாகின்றன. அவ்வோட்டை வழியே வரும் “புஸ் புஸ்” என்னும் ஓசையை எஞ்சினுள் எழுவதாக மயங்குதல் கூடாது. குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் புகைக்குழாய் இணைப்பருகே பார்த்தால், கரி படிந்த தடம் ஒழுகும் இடத்தைக் காட்டும்.

2. ஓசை எழும் இடத்தை அறியும் முறை

நீண்ட திருகாணி முடுக்கியையோ உலர்ந்த மரக்கோலையோ எடுத்து, ஒரு முனையை எஞ்சினின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதருகே உள்ள எலும்பில் அழுத்துக. எங்கு ஓசை மிகுகின்றதோ அங்கேதான் காரணமும் இருக்கும். விசிறியிலும் பட்டியிலும் சால்வையோ சாரமோ அகப்படாதவாறு இறுகக் கட்டிக்கொண்டே இதனைச் செய்க.

அடுத்து, ஓசையின் வேகத்தைக் கவனிக்க. நான்கடிப்பு எஞ்சினில் கிராங் தண்டு இரண்டு முறை சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு முறையே திறக்கும். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு வால்வு 300 முறை திறந்து மூடும். ஆகவே ஓசை இலேசாகவும், மேற்பக்கத்திலும், எஞ்சினின் வேகத்திற் பாதியாகவும் கேட்பின் வால்வுப் பகுதியை ஐயுறுக. கனமாகவும் கீழ்ப்பக்கத்திலும் கேட்பின் கிராங் பகுதியை ஐயுறுக.

3. ஓசைகளும் காரணங்களும்

“டிக் டிக்” என்னும் மெல்லிய ஓசை: இது பெரும்பாலும் டப்பட் இடைவெளி மிகுந்ததால் எழுவது. இயந்திரக் கையேட்டிற் சொல்லிய அளவுக்கு இடைவெளியைத் திருத்துவதே பரிகாரம். மாசி பேர்குசன் 35 உழவு இயந்திரத்தின் மூன்று சிலிண்டர்ப் பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சினுக்கு, குளிர்ந்த நிலையில் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கும், சூடான நிலையில் 10 பங்கும் இடைவெளி வேண்டும். இவ்வோசைக்காக உழவை நிறுத்த வேண்டியதில்லை. வேலை முடிந்தபின் திருத்தலாம்.

குளிரிற் கேட்டு, சூடேறியதும் அடங்கும் ஓசை: பிஸ்டன் தேய்ந்து சிலிண்டர்ச் சுவரில் அடிப்பதால் இது எழும். பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சினாயின் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கையாற் சிலமுறை சுற்றி, பிளக்கைப் பூட்டி இயக்குக. சிறிது நேரம் ஓசை குறைந்து மீண்டும் தோன்றின் பிஸ்டனே காரணமாம். இப்பழுது மெதுவாக வளர்வது. ஒரு போகம் சமாளித்து, பின்னர் திருத்தலாம். தீவின் வெண்கற் புழுதி காற்று வடிகட்டியைத் தாண்டி உட்செல்வதே இதற்கு ஒரு முக்கிய ஏதுவாகும். ஒயில் நிரப்பும் வகையான பழைய வடிகட்டிகளை உழவுக் காலத்தில் அடிக்கடி திறந்து, சேறுபட்ட ஒயிலை மாற்றுக.

“டொக் டொக்” என்னும் உறுதியான ஓசை: மிதமான வேகத்தில் ஓடும்போதும், வேகத்தைக் குறைக்கும் கணத்திலும் இது மிகுந்து கேட்பின், பிஸ்டன் கோலின் பெரிய முனைப் பெயாரிங் தேய்ந்ததென்று கொள்க. இதுவே மிக அபாயமானது. உடனே நிறுத்துக. இன்னும் ஒரு மணி நேரம் உழுதால் முடிந்துவிடும் என்று எண்ணி ஓட்டுவோர், கோல் முறிந்து சிலிண்டர்ச் சட்டத்தையே உடைக்கக் காண்பர். அப்பொழுது ஒரு சோடிப் பெயாரிங்குடன் முடிந்திருக்க வேண்டிய செலவு முழு எஞ்சினின் செலவாகிவிடும்.

“தொம் தொம்” என்னும் ஆழ்ந்த ஓசை: கலப்பை நிலத்தில் இறங்கிப் பாரம் ஏறும்போது இது மிகுந்து, ஒயில் அழுத்தமும் குறைந்து காணப்படின், கிராங் தண்டைத் தாங்கும் பிரதான பெயாரிங்குகள் தேய்ந்தன என அறிக. இதற்கும் உடனே நிறுத்துதலே தகும்.

“கிரீச்” என்னும் ஓசை: விசிறிப் பட்டி தளர்ந்தோ நனைந்தோ வழுக்குவதால் எழும். பட்டியைக் கழற்றிச் சில கணம் மட்டும் இயக்கிப் பார்க்க. அப்போது ஓசை நிற்குமாயின் பட்டியோ, விசிறி, நீர்ப் பம்பி, மின்பிறப்பாக்கி என்பவற்றின் பெயாரிங்கோ காரணம். கிளச் மிதியை அழுத்தும்போது மட்டும் உரசும் ஓசை கேட்பின் கிளச்சை விடுவிக்கும் பெயாரிங் தேய்ந்திருக்கும்.

4. எந்தச் சிலிண்டர் என்று அறிதல்

பல சிலிண்டருள்ள எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டராக வேலையினின்று நிறுத்திப் பார்த்தல் நல்ல முறையாகும். பெற்றோல் எஞ்சினில், நிறுத்திய நிலையில் ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் முனை எஞ்சின் இரும்பைத் தொடுமாறு கட்டி, பின்னர் இயக்குக. டீசல் எஞ்சினில், ஓடும்போது ஒரு குழாயின் முனையிலுள்ள மரையைச் சிறிது தளர்த்தினால் அச்சிலிண்டர் வேலை செய்யாது. எதனை நிறுத்தும்போது தட்டல் ஓசை அடங்குகின்றதோ, அச்சிலிண்டரின் பிஸ்டனிலோ பெரிய முனையிலோ குற்றம் உண்டு. எதிலும் மாறாதாயின் பிரதான பெயாரிங்கையோ வேறு பாகத்தையோ நோக்குக.

எச்சரிக்கை: டீசல் குழாயினின்று பாயும் நுண்துளி தோலைத் துளைத்து உட்செல்லும் வலியது. கையையோ முகத்தையோ அருகே கொண்டு போகற்க. மரையைத் தளர்த்துமுன் துணியாற் சுற்றுக. அவ்வாறு தோலிற் பாய்ந்தால், காயம் சிறிதாகத் தோன்றினும், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

5. எரிபொருளால் எழும் ஓசை

பாரம் ஏறும்போது “கிண் கிண்” என்று உலோகத்தில் மணி அடித்தாற்போன்ற ஓசை கேட்பின், எரிபொருள் சிலிண்டரினுள் ஒழுங்காக எரியாது வெடிக்கின்றதென்று பொருள். இதனை நம் பகுதியினர் நன்கு அறிவர். 1990 ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள், சில துளி பெற்றோலால் இயக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. மண்ணெண்ணெய் பெற்றோலிலும் எளிதில் இவ்வாறு வெடிப்பது. 1949 முதல் வெளிவந்த, ஆவியெண்ணெயில் ஓடும் பேர்குசன் உழவு இயந்திரத்தில், இக்காரணத்தாலேயே சிலிண்டரின் அமுக்க அளவு குறைத்து அமைக்கப்பட்டது. கார்களுக்கு அவ்வமைப்பு இல்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இன்னுமோர் ஆபத்துண்டு. குளிர்ந்த நிலையில் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து ஒயிலுடன் கலக்கும். அளவுகோலில் ஒயில் மட்டம் குறையாது ஏறுமாயின் மகிழற்க. அது நீர்த்துப்போன ஒயில். அதனை உடனே மாற்றுக. மாற்றாவிடில் முன்கூறிய “டொக் டொக்” ஓசை விரைவில் வந்துசேரும். இவ்வாறே டீசலுடன் மண்ணெண்ணெய் கலத்தலும் தகாது. டீசற் பம்பி டீசலின் வழுவழுப்பாலேயே காக்கப்படுகின்றது.

6. நீரைப் பற்றி

நெடுந்தீவின் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டப்பட்டவை. இந்நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்தில் வெண்படிவு ஏறுவதை வீட்டிற் காண்கிறோம். ரேடியேட்டரிலும் எஞ்சினிலும் இதுவே நிகழ்கின்றது. படிவு ஏறிய எஞ்சின் சூடேறி, பாரத்தில் தட்டும். ஆதலால் மாரியில் பிடித்துவைத்த மழைநீரையே ரேடியேட்டருக்கு உபயோகிக்க.

7. சுருக்கம்

ஓசை இலேசாக, மேற்பக்கத்தில், நெடுநாளாக ஒரே அளவில் இருப்பின் வேலையை முடித்துத் திருத்துக. ஓசை கனமாக, கீழ்ப்பக்கத்தில், நாளுக்கு நாள் மிகுவதாக இருப்பின் உடனே நிறுத்துக. ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தில் நான்காம் பகுதியிற் கூறிய சோதனை இயலாது. ஆகவே அங்கு ஒயிலையும் ஓசையின் கனத்தையும் கொண்டே தீர்மானிக்க.

ஓசை எப்போது தொடங்கியது, குளிரிலா சூட்டிலா, பாரத்திலா வெறுமையிலா என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்துவைத்து மெக்கானிக்கிடம் கூறுக. அவர் கடல் கடந்து வருவதாயின், தக்க உதிரிப் பாகத்தை முதற் பயணத்திலேயே கொண்டுவர அக்குறிப்பு உதவும். ஆவணியிலேயே இச்சோதனைகளைச் செய்துகொள்ளும் கமக்காரர், ஐப்பசி மழையில் அயலவரின் இயந்திரத்துக்குக் காத்திராது தம் நிலத்தைக் காலத்தில் விதைப்பர்.