மாமரத்தடியில் பத்து நிமிடம்

சாதாரண தரப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. வரலாற்றுப் புத்தகத்தின் ஒரே பக்கத்தை நான்கு முறை வாசித்தும் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. அழுகைதான் வந்தது. "புத்தகத்த மூடிட்டு, கொஞ்சம் முற்றத்தில போய் இரி மகள்" என்றார் உம்மா.

மாமரத்தின் தாழ்ந்த கிளையில் முசுறு எறும்புகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சில எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலைகளை இழுத்துப் பிடித்தன. வேறு சில, தம் வெள்ளைக் குடம்பிகளை வாயில் கவ்வி வந்து, அவை சுரக்கும் பட்டு நூலால் இலைகளை ஒட்டின. நேரம் போனதே தெரியவில்லை. திரும்பி வந்து வாசித்தேன். அதே பக்கம் விளங்கியது.

ஏன் அப்படி? பாடத்தில் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும். இயற்கையோ கவனத்தைத் தானாகவே ஈர்க்கும். அப்போது களைத்த கவனம் ஓய்வெடுக்கிறது. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1989இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியுள்ளனர்.

தோழிகளே, படித்துக் களைத்தால் கைத்தொலைபேசியை எடுக்காதீர்கள். அதுவும் கவனத்தைப் பிடுங்கும். பெற்றோரே, பிள்ளை முற்றத்தில் சும்மா இருந்தால் உடனே ஏசாதீர்கள். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுங்கள்.