முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோய்: சிகிச்சை தெரியும் நெறி

முதுமையில் ஆடவரைப் பற்றும் நோய்களுள் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயும் ஒன்று. சிறுநீர்ப்பையின் கீழே சிறுநீர் வழியைச் சூழ்ந்துள்ள இச்சுரப்பியை வைத்தியர் புரொஸ்டேற் என்பர். அதன் இழையத்தை ஊசியாற் சிறிதெடுத்து ஆராய்ந்து, புற்று உண்டெனக் கூறியவுடன், "உடனே வெட்டியெறிக" என்பார் ஒருசாரார். "கத்தி பட்டாற் பரவும்" என்றஞ்சி வாளாவிருப்பார் மற்றொருசாரார். இரண்டும் ஆராயாத் துணிபேயாம்.

முதற்கண் அறியவேண்டுவது நோயின் தன்மை. கலங்களின் அமைப்பு எத்துணைச் சிதைந்துள்ளதென்பதை எண்ணாற் குறிக்கும் முறையை அமெரிக்க வைத்தியர் கிளீசன் 1966 இல் வகுத்தார். இன்று இழையச் சோதனை அறிக்கையில் இவ்வெண் 6 முதல் 10 வரை அமையும். மிகுதியாகக் காணும் அமைப்பின் எண் முன்னிற்கும். ஆதலின் 3+4, 4+3 இரண்டும் ஏழேயாயினும் பின்னதே கொடிது. இதனோடு குருதியிலுள்ள பீ.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவும், நோய் சுரப்பிக்குள் அடங்கியுள்ளதா, என்புகளுக்குப் பரவியுள்ளதா என்பதும் சேர்த்து நோக்கப்படும்.

பரவிய நோய்க்கு ஆண்மை ஓமோனை அடக்குதலே அடிப்படைச் சிகிச்சை. அதன் பயனை 1941 இல் காட்டிய சாள்ஸ் ஹகின்ஸ் 1966 இல் நோபல் பரிசு பெற்றார். சுரப்பிக்குள் அடங்கிய நோய்க்கோ வழிகள் மூன்று: சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, முறையான கண்காணிப்பு.

இம்மூன்றையும் ஒப்புநோக்கப் பிரித்தானியாவில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட 1,643 பேரிடை ஓர் ஆய்வு நிகழ்ந்தது. 2023 இல் வெளிவந்த அதன் பதினைந்தாண்டு முடிவின்படி, எவ்வழியிற் சென்றோருள்ளும் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே. ஆயினும் நோய் பரவியோர் கண்காணிப்பில் நூற்றுக்கு 9.4, சத்திரசிகிச்சையில் 4.7, கதிர்ச்சிகிச்சையில் 5.0. மறுபுறம், சத்திரசிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 46 பேர் ஆறாம் மாதத்திலும், 17 பேர் ஆறாம் ஆண்டிலும் சிறுநீர்க் கசிவுக்குத் துணிப்பட்டை அணிய நேர்ந்தது. இல்லறவின்பக் குறைவும் அவர்களிடையே மிகுதி. கதிர்ச்சிகிச்சை மலக்குடலை வருத்தக்கூடும். எனவே அடங்கிய நோயில் ஆய்ந்து தெரிதற்குக் காலம் உண்டு. தெரிவுக்கு விலையும் உண்டு.

அவ்விலை ஆளுக்காள் வேறுபடும். மயிலிட்டியிற் கடற்றொழில் புரியும் ஒருவரைக் கருதுக. இரவெல்லாம் வள்ளத்திலிருப்பார்க்குச் சிறுநீர்க் கசிவு சிறு குறையன்று. கதிர்ச்சிகிச்சைக்குப் பல நாட்கள் தொடர்ந்து செல்லவேண்டும். அத்தனை நாளும் தொழில் தடைப்படும். கண்காணிப்போ தவணை தவறாத சோதனையை வேண்டுவது. தவறின் அது வெறும் புறக்கணிப்பாகும். 1990 இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்து பல ஊர்களிற் சிதறினர். துறைமுகம் 2017 இலேயே விடுவிக்கப்பட்டது. நிலையான இருப்பிடமற்றார்க்கு ஆண்டுக்கணக்கான கண்காணிப்பு எளிதன்று. முன்னர் வடபகுதி நோயாளர் பலர் மகரகமைக்குச் செல்ல நேர்ந்தது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தோர் திரட்டிய நிதியால் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013 இல் திறக்கப்பட்டது. மயிலிட்டிக்கு அஃது அண்மையிலுள்ளது. ஆதலின், தொலைவை அஞ்சி ஒருவழியை விலக்கவேண்டிய நிலை பெரிதுங் குறைந்துளது.

திருக்குறளின் மருந்ததிகாரம் மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கெனக் கூறுமிடத்து நோயாளியையே முதலில் வைக்கின்றது. ஆகவே அறிக்கையிலுள்ள எண் யாது, நோய் பரவியுளதா, ஒவ்வொரு வழியும் தருவது யாது, பறிப்பது யாது என்பவற்றை வைத்தியரிடம் நோயாளி தாமே வினவித் தெளிதல் வேண்டும். மனைவியோ மக்களோ உடனிருந்து கேட்டலும் நன்று. வயதையும் பிற நோய்களையும் தொழிலையும் சீர்தூக்கித் துணிவதே தக்கது.