ஐந்து கோடுகளும் சபையின் குரலும்

உயிரற்ற வாத்தியங்களும் தம் தொனிகளில் வேறுபாடு காட்டாவிடில், வாசிக்கப்படுவது இன்னதென்று எவரும் அறியார் என்கிறார் அப்போஸ்தலனாகிய பவுல் (1 கொரி. 14:7). அந்நியபாஷையைக் குறித்த வாதத்திற்கு அவர் எடுத்தாண்ட உவமை இது. எனினும் ஆராதனை நடத்தும் போதகருக்கு இதில் நேர்ப்பொருளும் உண்டு. சபையாரால் எட்ட இயலாத உயரத்தில் ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டால், இரண்டாம் சரணத்திற்குள் பாதிப்பேர் மௌனமாகின்றனர். பாடகர் குழுவும் ஒலிபெருக்கியுமே எஞ்சுகின்றன. எனவே ஒலியின் உயரத்தை, அதாவது சுருதியை, ஏட்டிலிருந்து படித்தறிவது குருத்துவப் பணிக்குப் புறம்பானதன்று.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துச் சபைகளில் இத்தேவை மிகுதி. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல், பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் இங்கு வந்து குடியேறியுள்ளனர். தென்மாவட்டத்தார் கீர்த்தனைகளைச் செவிவழியே அறிவர். மிசோரம் சபைகளின் பாட்டுப்புத்தகமோ டோனிக் சோல்ஃபா எழுத்துகளில் அச்சிடப்படுவது. இரவு ஷிஃப்ட் முடித்து உறங்காமல் காலை ஆராதனைக்கு வருவோரும் உண்டு. அவர்தம் குரல் உச்சத்தை எளிதில் தொடாது. மேலும், ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் 2019-இல் இயங்கத் தொடங்கிய யமஹா இசைக்கருவித் தொழிற்சாலையில் கீபோர்டுகளும் கிதார்களும் செய்யப்படுகின்றன. ஆலயங்களில் ஒலிக்கும் கருவி அண்டையிலேயே உருவாகும்போது, அதற்குரிய எழுத்தை நாம் அறியாதிருத்தல் தகுமா?

1. உறவும் உயரமும்

கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்படும். சட்ஜம் எந்த உயரத்தில் நிற்கவேண்டும் என்பது குறிக்கப்படுவதில்லை. ச, ரி, க, ம என்பவை சுரங்களுக்கிடையேயுள்ள உறவைக் காட்டுவன. ஜான் கர்வென் (1816-1880) என்னும் ஆங்கிலேயப் போதகர் செம்மைப்படுத்திய டோனிக் சோல்ஃபாவும் இத்தன்மையதே. உயரத்தை அது தலைப்பில் தனியாகக் குறிப்பிடுகிறது. மேலைநாட்டு ஐங்கோட்டு முறையோ உறவையும் உயரத்தையும் ஒருங்கே காட்டுகிறது.

உயரத்தைக் குறிக்க நம்மிடையே வழங்கும் சொல் 'கட்டை' என்பதாம். ஆர்மோனியத்தின் 'சி' ஒரு கட்டை. 'டி' இரண்டு, 'இ' மூன்று, 'எஃப்' நான்கு, 'ஜி' ஐந்து, 'ஏ' ஆறு, 'பி' ஏழு. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரைகள். இதனை அறிந்தவர் பாதி வழி வந்துவிட்டார்.

2. கோடுகளும் கிளெஃபும்

ஐந்து கோடுகளும் அவற்றிடையே நான்கு இடைவெளிகளும் கீழிருந்து மேலாக எண்ணப்படும். கோடு, இடைவெளி, கோடு என ஏறும் ஒவ்வொரு படியும் ஓர் எழுத்து. ஆயினும் வெறுங்கோடுகள் எந்த எழுத்தையும் தாமே சொல்வதில்லை. தொழிற்சாலையில் இயந்திர வரைபடம் படிப்போர் இதனை எளிதில் உணர்வர். அளவுகள் எங்கிருந்து எடுக்கப்படுகின்றன என்னும் ஆதாரம் குறிக்கப்படாவிடில் வரைபடத்தால் பயனில்லை. இசையேட்டில் அவ்வாதாரமே கிளெஃப் எனும் தொடக்கக் குறி. பதினோராம் நூற்றாண்டில் அரெட்சோ நகரத்துக் கைடோ என்னும் துறவி, கோடுகளின் தலைப்பில் எழுத்தை இட்டுப் பாடகருக்குக் கற்பித்தார். இன்றைய கிளெஃப் அத்தகைய எழுத்தின் திரிந்த வடிவமே.

ஜி கிளெஃபின் சுழி இரண்டாம் கோட்டைச் சூழ்ந்து நிற்கும். ஆகவே அக்கோடு 'ஜி', அதாவது ஐந்து கட்டை. அங்கிருந்து மேலேற, இடைவெளியில் 'ஏ', மூன்றாம் கோட்டில் 'பி', அடுத்த இடைவெளியில் மேல் 'சி', நான்காம் கோட்டில் 'டி'. கீழிறங்க, முதல் இடைவெளியில் 'எஃப்', முதற்கோட்டில் 'இ', அதன் கீழே 'டி'. அதற்கும் கீழே ஒரு சிறு துணைக்கோட்டில் நடு 'சி'. ஆண்களின் தாழ்ந்த குரலுக்கு உரிய எஃப் கிளெஃபில் நான்காம் கோடு 'எஃப்' ஆகும்.

3. ஷார்ப்பும் ஃபிளாட்டும்

படிகள் யாவும் சம அளவின அல்ல. 'இ'க்கும் 'எஃப்'புக்கும் இடையிலும், 'பி'க்கும் 'சி'க்கும் இடையிலும் அரைச்சுரமே உண்டு. அங்கே கறுப்புக் கட்டை இல்லை. சங்கராபரணத்தில் க-ம, நி-ச ஆகியவற்றின் நெருக்கமும் இதுவே. 'சி'யைச் சட்ஜமாகக் கொண்டால் வெள்ளைக் கட்டைகளே சங்கராபரணம். 'ஜி'யைச் சட்ஜமாக்கினால் நிஷாதத்திற்கு 'எஃப்' போதாது, அரைச்சுரம் உயரவேண்டும். அதற்காகவே 'எஃப்' கோட்டில் ஒரு ஷார்ப் குறி, வரியின் தொடக்கத்தில் நிலையாக இடப்படுகிறது. மேஜர் அளவையில் அமைந்த பாட்டுக்கு இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: கடைசி ஷார்ப் நிற்குமிடம் 'நி', அதற்கு அரைச்சுரம் மேலே சட்ஜம். ஃபிளாட் அரைச்சுரம் தாழ்த்தும்; கடைசி ஃபிளாட் நிற்குமிடம் 'ம'.

4. போதகர் செய்யத்தக்கது

ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் 1551-இல் வெளிவந்து, பின்னர் ஆங்கிலச் சபைகளில் நூறாம் சங்கீதத்தின் இராகமாய்ப் புகழ்பெற்ற 'ஓல்டு ஹண்ட்ரெட்த்' இராகத்தை எடுத்துக்கொள்வோம். 'ஜி'யில் எழுதப்படும்போது அதன் மிகத் தாழ்ந்த சுரம் முதற்கோட்டின் கீழுள்ள 'டி'. மிக உயர்ந்தது நான்காம் கோட்டின் 'டி'. சரியாக ஒரு ஸ்தாயி. சபைக்கு இது பொதுவாக எட்டும். கீபோர்டில் 'டிரான்ஸ்போஸ்' பொத்தானை இரண்டு படி ஏற்றிவிட்டால், ஏட்டில் 'ஜி' என்றிருப்பது செவிக்கு 'ஏ' ஆகிறது. உச்சம் நான்காம் இடைவெளியின் 'இ'க்கு ஏறுகிறது. வாசிப்பவரின் விரல்களுக்கு வேறுபாடு தெரியாது. சபையின் தொண்டைக்குத் தெரியும்.

ஆகவே ஆராதனைக்கு முந்திய நாளில் போதகர் மூன்று காரியங்களைப் பார்ப்பது நலம். ஷார்ப், ஃபிளாட் குறிகளைக் கொண்டு சட்ஜம் எத்தனை கட்டை என்று காண்க. பாட்டில் மிக உயர்ந்த சுரத்தைத் தேடுக. அது நான்காம் கோட்டைத் தாண்டுமாயின் ஒரு கட்டையோ ஒன்றரையோ இறக்கும்படி வாத்தியக்காரரைக் கேட்டுக்கொள்க. மிகத் தாழ்ந்த சுரம் அதனால் நடு 'சி'க்கு வெகு கீழே போய்விடாதபடி சரிபார்க்க. இதற்கு ஒரு பாட்டுக்கு ஐந்து நிமிடம் போதும். பாடகர் குழுவின் திறமையைக் காட்டும் உயரம் ஒன்று. இரவெல்லாம் இயந்திரத்தருகே நின்றவனும் வாய்திறந்து பாடக்கூடிய உயரம் மற்றொன்று. இவ்விரண்டில் எதைத் தெரிந்துகொள்வது என்னும் பொறுப்பு சபையின் மேய்ப்பனுடையது.