பரிவர்த்தனையின் தனிமைத்தன்மை: பெயரும் பொருளும்

தரவுப் பொறியியல் பணிக்கான நேர்காணல்களில் ‘ஆசிட்’ குறித்த வினா வழக்கமாக இடம்பெறுவது. அணுத்தன்மை, இசைவுத்தன்மை, தனிமைத்தன்மை, நிலைப்புத்தன்மை ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளாலான இப்பெயரை 1983இல் தியோ ஹேர்டரும் ஆன்ட்ரியாஸ் ராய்ட்டரும் வழங்கினர். பரிவர்த்தனை முழுமையாக நிகழும் அல்லது நிகழாதொழியும் என்பது அணுத்தன்மை. உறுதிசெய்யப்பட்ட மாற்றம் மின்தடைக்குப் பின்னும் அழியாதென்பது நிலைப்புத்தன்மை. இசைவுத்தன்மை பெரிதும் நிரலை எழுதுவோரின் பொறுப்பே. அதனையும் தரவுத்தளத்தின் உத்தரவாதமாக எண்ணுவது முழுதும் பொருந்தாது. பலர் இடறுமிடம் தனிமைத்தன்மையாகும்.

இப்பண்பு படிநிலைகளை உடையது. 1992ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். தரநிலை நான்கு நிலைகளை வகுத்தது. அவற்றுள் உச்சமானது ‘சீரியலைசபிள்’. ஒருங்கே இயங்கிய பரிவர்த்தனைகளின் விளைவு, அவை ஏதேனும் ஒரு வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கினால் கிடைக்கும் விளைவோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பது இதன் பொருள். 1995இல் ஹால் பெரன்சன், ஜிம் கிரே உள்ளிட்டோர் அத்தரநிலையின் வரையறைகள் தெளிவற்றவை என நிறுவியதோடு, அதில் இடம்பெறாத ‘ஸ்னாப்ஷாட் தனிமை’ என்னும் நிலையையும் வரையறுத்தனர். இந்நிலையில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் தான் தொடங்கிய கணத்துத் தரவையே காணும். ஒரே வரிசைப்பதிவை இரண்டு பரிவர்த்தனைகள் மாற்ற முயன்றால் ஒன்று நிறுத்தப்படும்.

இது போதுமானதாகத் தோன்றலாம். ஒரு குருதி வங்கியில் அரிய வகைக் குருதி இரண்டு அலகுகள் உள்ளன எனக் கொள்வோம். அவசரத்திற்கென ஓரலகேனும் எஞ்சியிருத்தல் விதி. இரு பணியாளர்கள் ஒரே வேளையில் இருப்பைப் பார்க்கின்றனர். இருவருக்கும் ‘இரண்டு’ என்றே தெரிகிறது. ஒருவர் முதல் அலகையும் மற்றவர் இரண்டாம் அலகையும் விடுவிக்கின்றனர். மாற்றப்பட்டவை வெவ்வேறு பதிவுகளாதலின் மோதல் எழவில்லை, இரண்டும் உறுதிசெய்யப்படுகின்றன. இருப்போ சுழியம். இப்பிறழ்வே ‘ரைட் ஸ்கியூ’ எனப்படும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 9.1 பதிப்பு (2011) வரும்வரை ‘சீரியலைசபிள்’ எனக் கேட்டவருக்குக் கிடைத்தது ஸ்னாப்ஷாட் தனிமையே. அதன்பின்னரே அப்பெயருக்குரிய உத்தரவாதம் உண்மையாயிற்று. எனினும் எதனையும் குறிப்பிடாதபோது அங்கு அமைவது அதனினும் தளர்ந்த ‘ரீட் கமிட்டட்’ நிலை. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபியில் ‘ரிப்பீட்டபிள் ரீட்’. ஆகவே நிலையின் பெயரை மட்டும் கூறும் விடை நிறைவானதன்று. எத்தரவுத்தளம், எப்பதிப்பு என்பவையும் வேண்டும்.

போஸ்ட்கிரெஸின் சீரியலைசபிள் நிலையில் மேற்கண்ட இரு விடுவிப்புகளுள் ஒன்று 40001 என்னும் பிழைக்குறியீட்டுடன் நிறுத்தப்படும். அப்பரிவர்த்தனையைத் தொடக்கத்திலிருந்து மீள இயக்குவது நிரலின் கடமை. மீள்முயற்சியில் அது ‘ஒன்று’ என்னும் இருப்பைக் கண்டு, விடுவிக்காமல் திரும்பும்.